வடதிசையில் நான்கு டிகிரி

2024 மே 10, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி இரவு பத்தரை மணி அளவில், சூரியனிலிருந்து கிளம்பிய மின்துகள் மேகம் ஒன்று பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதியது. பின்னாலேயே இன்னும் சில மேகங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை: பூமியின் குறுக்களவைப்போல் சுமார் 15 மடங்கு நீளத்துக்குப் பரந்திருந்த 13664 என்ற சூரியப்புள்ளிக் கூட்டம். அன்று இரவு இங்கிலாந்திலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் குடியிருந்தவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடியே துருவ ஒளியைப் பார்க்க முடிந்தது. லடாக்கில், கடல்மட்டத்திலிருந்து 4500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே வானாய்வகத்தின் முழுவானக் கேமரா, வடக்கு அடிவானத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு பட்டையைப் பதிவு செய்தது. 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு பலமான புவிகாந்தப் புயல் வந்ததில்லை.

ஹான்லேயின் தீர்க்கரேகை 79 டிகிரிக்கு ஓர் இம்மி குறைவு. அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு நேர்தெற்காக 2200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கி வந்தால் ஜவ்வாது மலை. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அடுத்தடுத்துக் கிடக்கும் திருப்பத்தூர் மாவட்டத்து மலைப்பகுதி. சாமை விளையும் இந்த மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இருக்கிறது. ஹான்லே, காவலூர் இரண்டையும் நடத்துவது ஒரே நிறுவனம்: பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். ஆக, நெல்லிவாசலில் ஒருவர் களத்துமேட்டில் நின்று துருவ நட்சத்திரத்தைப் பார்த்தால், அவர் பார்க்கும் திசையில்தான் ஹான்லேயின் கேமராவும் இருக்கிறது.

அப்படியானால் அவருக்கும் அந்தச் சிவப்பு தெரியுமா?

அன்று தெரிந்திருக்காது. ஆனால் ‘என்றைக்குமே தெரியாது’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இடையில் இருப்பது பூமியின் வளைவு மட்டுமே. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

துருவ ஒளி தரையில் எரிவதில்லை. சூரியக்காற்றால் கலங்கிய காந்தப்புலத்தின் வழியே எலக்ட்ரான்கள் மேல்வளிமண்டலத்துக்குள் பாய்கின்றன. அங்கே திரியும் ஆக்சிஜன் அணுக்களைத் தாக்கிக் கிளர்த்துகின்றன. கிளர்ந்த அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒளியைக் கக்குகிறது. பச்சை ஒளி பெரும்பாலும் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. சிவப்பு அதற்கும் மேலே, 200 கிலோமீட்டரைத் தாண்டித்தான். காரணம் பொறுமை. பச்சை ஒளியைத் தரும் கிளர்நிலை முக்கால் விநாடியில் அடங்கிவிடும்; சிவப்பைத் தருவதற்கு ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் அந்த 2 நிமிடத்துக்குள் அணு வேறெதன்மீதாவது மோதி ஆற்றலை இழந்துவிடுகிறது. மேலே, மோதுவதற்கு ஆளில்லாத வெட்டவெளியில் அது நிதானமாகச் சிவந்து தீர்க்கிறது. பலமான புயல்களில் இந்தச் சிவப்பு 400 கிலோமீட்டரையும் கடந்து, சில சமயம் 600 கிலோமீட்டர் வரைகூட ஏறுகிறது.

உயரம் கூடக்கூட அதிக தூரத்திலிருந்து தெரியும். 100 கிலோமீட்டர் உயரத்துப் பச்சை ஒளி, சுமார் 1100 கிலோமீட்டருக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பை 2200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கலாம். 600 கிலோமீட்டர் என்றால் 2600 கிலோமீட்டருக்கும் மேல். நெல்லிவாசலுக்குப் பச்சை தெரிய வேண்டுமானால் துருவ ஒளி போபாலின் தலைக்கு மேல் வந்து நிற்க வேண்டும். அது நடக்கிற கதையல்ல. சிவப்புக்கு ஹான்லேயின் தலைக்கு மேல் வந்தாலே போதும்.

2024 மே மாதத்தில் ஒளி ஹான்லேயின் தலைக்கு மேல் வரவில்லை. அதற்கும் வடக்கே வெகுதூரத்தில் நின்றுகொண்டது. ஹான்லே எட்டிப் பார்த்ததுதான். ஆனால் அதையும் மிஞ்சிய ஓர் இரவு வரலாற்றில் உண்டு.

1872 பிப்ரவரி 4. அன்றிரவு பம்பாயில் துருவ ஒளி தெரிந்தது. சூடானின் கார்ட்டூமிலும் தெரிந்தது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஜேக்கபாபாத்தில் ஏறத்தாழ வானம் முழுவதையும் மூடியது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிலான கடலடித் தந்தி மணிக்கணக்கில் தடுமாறியது. அன்றைய செய்தித்தாள் குறிப்புகளையும், பம்பாய் கொலாபா ஆய்வகம் உள்ளிட்ட இடங்களின் காந்தமானிப் பதிவுகளையும் ஒன்றுசேர்த்து, 2023இல் ஒரு பன்னாட்டு ஆய்வாளர் குழு அந்தப் புயலை மீட்டெடுத்தது. அவர்கள் கணிப்பில் துருவ ஒளியின் தென்விளிம்பு, பூமியின் காந்தப்புலத்தை வைத்துக் கணக்கிடும் காந்த அட்சரேகையில், 24 டிகிரியை ஒட்டி வந்திருக்கிறது. ஹான்லேயின் இன்றைய காந்த அட்சரேகையும் ஏறக்குறைய அதே 24 டிகிரிதான்.

அதே பலத்தில் இன்னொரு புயல் இன்றைக்கு வந்தால், துருவ ஒளியின் தென்விளிம்பு குறைந்தது ஹான்லேயின் உச்சிவரையாவது வந்துவிடும். அந்தக் குறைந்தபட்சக் கணக்கில் நெல்லிவாசலிலிருந்து பார்த்தால், 400 கிலோமீட்டர் உயரம் வரையிலான பகுதி அடிவானக் கோட்டில் மறைந்துபோகும். 600 கிலோமீட்டர் உயரத்து உச்சி மட்டும் அடிவானத்துக்கு மேல் 4 டிகிரிக்குத் தலைகாட்டும்.

நான்கு டிகிரி என்பது எவ்வளவு என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நடுவிலுள்ள மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் 5 டிகிரி. சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால், ஜவ்வாது மலையில் அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரி. முஷ்டியும் கால் முஷ்டியும். தேட வேண்டிய இடம் துருவ நட்சத்திரத்துக்கு நேர்கீழே, தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்குள். தலைக்கு மேல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

இதனால் முதல் வேலை, வடக்கே தடையில்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது. முன்னால் ஒரு மேடோ புளியமரமோ நின்றால் நான்கு டிகிரி அதிலேயே போய்விடும். மலைமேல் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. காவலூர் வானாய்வகமே 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் வடக்குதான் ஜவ்வாது மலைக்கு வெளிச்சம் கூடிய திசையும்கூட. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், தோல் தொழிற்சாலைகள், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, ரயில்பாதை எல்லாம் அந்தப் பக்கம்தான். அடிவானத்தை ஒட்டி நிரந்தரமாக ஒரு வெளிறிய வெளிச்சம் தேங்கி நிற்கும். போதாக்குறைக்கு, 4 டிகிரி உயரத்தில் வரும் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைவிட ஏறத்தாழ 12 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். புழுதி, புகை எல்லாம் சேர்ந்து அதை மங்கவைக்கும். கோடைமழை பெய்து வெறித்த இரவுதான் தோதானது. நிலா இல்லாமலும் இருக்க வேண்டும்.

வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தபோது இருந்த இருட்டு இன்று அப்படியே இல்லை. கொடைக்கானலின் இரவுகள் மேகத்தால் வீணானதால் அவர் மாற்று இடம் தேடினார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் காவலூர் தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. அவர் மறைந்த பிறகு 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வானாய்வகமும் அவர் பெயரைத் தாங்கின. ஹான்லேயிலும் இப்படி இருட்டு குறைந்துவிடக் கூடாது என்று 2022 டிசம்பரில் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். வீட்டு ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை, விளக்குகளுக்கு மேல்மூடி என்று கட்டுப்பாடுகள் வந்தன. உள்ளூர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, வருபவர்களுக்கு வானம் காட்டப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலை, எந்த இரவில் பார்ப்பது என்று தெரிந்துகொள்வது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பகுதி இது.

தொடக்கம் சூரியனில். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் பார்க்கத் தமிழகத்தில் பலர் வாங்கிய கண்ணாடி வீட்டுப் பரணில் கிடந்தால், கீறலோ ஓட்டையோ இல்லாதபட்சத்தில், இதற்கு உதவும். 13664 போன்ற ராட்சதப் புள்ளிக்கூட்டம் அதில் ஒரு கறுப்புத் துகளாகத் தெரியும். வெறுங்கண்ணாலோ, வடிகட்டியில்லாத பைனாகுலராலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணாடி இல்லாதவர்களுக்கு விண்கலங்கள் எடுக்கும் சூரியப் படங்கள் இணையத்தில் அன்றாடம் கிடைக்கின்றன. புள்ளிக்கூட்டம் சூரிய வட்டத்தின் நடுப்பகுதிக்கு அருகில் இருக்கும்போது வெடித்தால்தான் மேகம் பூமியை நோக்கி வர வாய்ப்பு அதிகம்.

வெடித்த மேகம் இங்கே வந்துசேர வழக்கமாக 1 முதல் 3 நாள் ஆகும். 1859 செப்டம்பரில் வந்த மிகப்பெரிய புயல் பதினேழரை மணி நேரத்திலேயே வந்துவிட்டது. வழியில் அதை மோப்பம் பிடிப்பதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு: ஊட்டியில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டிருக்கும் ரேடியோ தொலைநோக்கி, தொலைதூர ரேடியோ மூலங்களின் மினுமினுப்பை வைத்து இந்த மேகங்களைத் தடம் காண்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்–1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியக்காற்றை அளக்கிறது. அங்கே மேகம் தட்டினால், இங்கே வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் கவனிக்க வேண்டியது மேகத்தின் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை. வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் புலம் அதைத் தள்ளிவிடும். தெற்கு நோக்கி இருந்து, அப்படியே மணிக்கணக்கில் நீடித்தால் புயல் வலுக்கும். எச்சரிக்கைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வருவதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செல்போன் செயலிகள் ‘கேபி 9’ என்று அலறும்போது ஏமாந்துவிடக் கூடாது. புவிகாந்தக் கலக்கத்தைச் சொல்லும் கேபி என்ற அந்த அளவுகோல் 9 உடன் முடிந்துவிடுகிறது. 2024 மே மாதத்திலும் அது 9 தான் காட்டியது. 1872இன் புயல் இன்று வந்தாலும் 9 தான் காட்டும். லண்டன்காரருக்கு அது போதும், ஜவ்வாது மலைக்காரருக்குப் போதாது. அவர் பார்க்க வேண்டியது டிஎஸ்டி என்ற எண்ணை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு சரிந்தது என்பதை நானோடெஸ்லாவில் சொல்லும் இந்த எண்ணை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தரவு மையம் மணிக்கொருமுறை வெளியிடுகிறது. 2024 மே மாதத்தில் அது கிட்டத்தட்ட 400 அளவுக்குச் சரிந்தது. 1872இல் 800க்கும் மேல் சரிந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சரிவு 600ஐத் தாண்டி இன்னும் கூடுகிறது என்றால் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு எழுந்துபோவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்போதும் புயலின் உச்சம் இரவில் வர வேண்டும். 1859 செப்டம்பர் 2 அன்று கொலாபாவின் காந்தமானியில் புலம் 1600 நானோடெஸ்லா சரிந்தது. இந்தப் பழைய பதிவை இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தார் உள்ளிட்ட குழுவினர் 2003இல் ஆராய்ந்து வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பம்பாயில் அப்போது முற்பகல் 11 மணி வாக்கு. அதுவும் மழைக்காலம். வானத்தில் என்ன நடந்திருந்தாலும் தெரிந்திருக்க வழியில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் ஒரு யோசனை இங்கே பலிக்காது: பாட்டிலுக்குள் நூலில் ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு, அது திரும்பும்போது புயல் வந்துவிட்டது என்று அறிவது. நார்வேயில் அது நன்றாக வேலை செய்யும். தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாக வடக்கு நோக்கி, சுமார் 40,000 நானோடெஸ்லா பலத்தில் ஓடுகிறது. புயல் அந்தப் பலத்தைக் கொஞ்சம் குறைக்கிறதே தவிர, திசையை அவ்வளவாகத் திருப்புவதில்லை. காந்தம் வடக்கைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்.

மூன்றாவது வேலை கேமராவுடையது. மங்கலான வெளிச்சத்தில் பார்க்கும் கண் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. பிரகாசமில்லாத சிவப்பு ஒளி கண்ணுக்குச் சாம்பல் நிற மங்கலாகவே படும், அல்லது படவே படாது. கேமராவை முக்காலியில் வைத்து, ஃபோகஸை ஒரு நட்சத்திரத்தில் கையால் நிறுத்தி, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200இல் 10 முதல் 20 விநாடி திறந்து வைக்க வேண்டும். செல்போனானால் இரவுமுறையில், ஒரு கல்லில் சாய்த்து வைத்து, டைமரில் எடுக்கலாம். கை பட்டால் படம் கலையும்.

சிவப்பாக ஏதாவது விழுந்துவிட்டால் உடனே குதிக்கவும் கூடாது. பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் வானம் நன்றாகத் தெளிந்திருக்கும்; அதே காலத்தில்தான் மலையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும். மலைத்தீயின் செம்மை முகட்டை ஒட்டியே இருக்கும், துடிக்கும், அதன் புகையில் நட்சத்திரங்கள் மறையும். ஊர் வெளிச்சம் பட்ட மேகமும் நட்சத்திரத்தை மறைக்கும். துருவ ஒளி கண்ணாடிபோல. அதன் ஊடாக நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும். மேற்கிலோ கிழக்கிலோ கூம்பாகத் தெரியும் வெளிச்சம் என்றால், அது சூரியக் குடும்பத்துத் தூசியில் பட்ட சூரிய ஒளி.

இன்னொரு போலியும் உண்டு. அதைப் போலி என்று தள்ளவும் மனம் வராது. புயலே இல்லாத சாதாரண இரவிலும் மேல்வளிமண்டலம் தானாக லேசாக ஒளிர்கிறது. பகலெல்லாம் வெயில் பிரித்துப்போட்ட அயனிகள் இரவில் மறுபடி சேரும்போது ஆக்சிஜன் அதே 630 நானோமீட்டர் சிவப்பைத் தருகிறது. துருவ ஒளியின் சிவப்புக்கும் இதற்கும் அலைநீளத்தில் வித்தியாசமே இல்லை. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது. அங்கே மேலெழும் அயனிகள் காந்தக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் சரிந்து, சுமார் 15 டிகிரி தள்ளிக் குவிகின்றன. வடபக்கக் குவியல் மத்திய இந்தியாவுக்கு மேல். அதாவது ஜவ்வாது மலையின் வடவானத்தில். இதை ஆராய்வதற்கென்றே திருப்பதிக்கு அருகில் கடங்கியில் முழுவானக் கேமராக்கள் இயங்குகின்றன. அந்தச் சிவப்பின் குறுக்கே வடக்கு–தெற்காகக் கறுப்புப் பட்டைகள் நகர்வது அவற்றில் பதிவாகும். அயனிக் குமிழிகளான அவை ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைப்பவை. இந்த ஒளிர்வு கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில் நீண்ட நேரம் திறந்த கேமராவுக்கு மங்கலாகச் சிக்கலாம். அடிவானத்தோடு நிற்காமல் வானத்தில் மேலேறிப் பரவியிருந்தால், புயல் எச்சரிக்கையும் இல்லாதிருந்தால், அது இதுதான்.

ஆகவே அமைதியான இரவுகளிலேயே வடக்கு அடிவானத்தைச் சில முறை படமெடுத்து வைத்திருப்பது நல்லது. ஆம்பூர் வெளிச்சம் எந்த இடத்தில், எந்த நிறத்தில் தேங்கும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் புதிதாக ஒன்று சேர்ந்தால் அடையாளம் தெரியும்.

காலமும் இப்போது கைகூடி இருக்கிறது. சூரியனின் 25ஆம் சுழற்சி 2024 இறுதியை ஒட்டி உச்சத்தைத் தொட்டு இறங்குமுகத்தில் இருக்கிறது. உச்சம் கடந்தால் ஆட்டம் முடிந்தது என்று பொருளில்லை. 1872இன் புயலும் 2003இன் புயலும் உச்சம் கடந்து ஓரிரு ஆண்டுகள் கழித்து வந்தவையே. பூமியின் சாய்வும் சூரியக்காற்றின் காந்தப்புலமும் பொருந்தி வருவதால் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிப் புயல்கள் கூடுதல். செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் போய்விடும். ஜவ்வாது மலைக்கு மிஞ்சுவது பிப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை.

அப்படி ஓர் இரவில் ஏதாவது சிக்கினால், படத்தைத் திருத்தாமல் மூலக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய நேரம், நின்ற இடம், திசை, விரல் கணக்கில் உயரம், எவ்வளவு நேரம் நீடித்தது, நட்சத்திரங்கள் ஊடாகத் தெரிந்தனவா என்ற ஆறையும் அப்போதே எழுதிவிட்டு, காவலூர் வானாய்வகத்துக்கோ பெங்களூர் நிறுவனத்துக்கோ அனுப்பலாம். 1872இன் துருவ ஒளி எதுவரை தெரிந்தது என்று ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு கணக்கிட முடிந்தது, அன்று யார் யாரோ எழுதிவைத்த இத்தகைய குறிப்புகளால்தான். அந்தக் கணக்கில் இந்தியாவின் தென்கோடிப் புள்ளியாக இருப்பது பம்பாய். நெல்லிவாசல் அதற்கும் 6 டிகிரி தெற்கே இருக்கிறது.